கவாய் நிற்பாரா, போவாரா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மோர்னிங்சைட்_பொடியன் | 2019 ஜூன் 18

நேற்று கப் வென்ற ஊர்வலத்துக்குப் போய் யூனிவர்சிட்டி அவெனியூவில் ஆறு மணித்தியாலம் நசிபட்டு நின்றுவிட்டு வந்திருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது, கதைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான். கவாய் லெனர்ட் எங்கட ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியோடு திரும்பவும் ஒப்பந்தம் போடுவாரா, மாட்டாரா?

சனம் எல்லாம் "இன்னும் ஐந்து வருசம்" என்று கத்துகிறது, மனுசன் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை ஆம் என்றும் எடுக்கலாம், பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யோசித்தார் என்றும் எடுக்கலாம்.

எனக்கு விளங்கினது இவ்வளவு. வருகிற பருவத்துக்கு 21.3 மில்லியன் டொலருக்கு இங்கேயே விளையாடும் தெரிவு அவர் கையில் இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டு, எந்த அணியோடும் பேசக்கூடிய சந்தைக்குப் போவார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஜூன் 30 மாலை ஆறு மணிக்குச் சந்தை திறக்கும். ராப்டர்ஸ் அவருக்கு ஐந்து வருசத்துக்கு 190 மில்லியன் வரை கொடுக்கலாம், மற்ற எந்த அணியும் நாலு வருசத்துக்கு 141 மில்லியனுக்கு மேல் கொடுக்க முடியாது. 49 மில்லியன் வித்தியாசம்! அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு யார் போவார்?

காசை விடுங்கள். மே 12 ஃபிலடெல்ஃபியாவோடு ஏழாவது ஆட்டம், கடைசிப் பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்ததே, அந்த நேரம் முப்பது வருசமாகக் கிரிக்கெட் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத என் அப்பா கதிரையை விட்டு எழும்பினவர், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் நின்றுகொண்டுதான் பார்த்தார். இருந்தால் தோற்றுவிடுமாம். இங்கே சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வாழ்நாள் முழுக்க இலவசச் சாப்பாடு என்று கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கின்றன, வீடு சும்மா தருகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு. இப்படி ஒரு ஊரை விட்டுப் போக மனம் வருமா?

போன வருசம் ஓக்லஹோமா ஆட்டக்காரர் போல் ஜோர்ஜ் லொஸ் ஏஞ்சலஸுக்குத்தான் போகிறார் என்று உலகமே சொன்னது. ஆள் அந்த ஊர் லேக்கர்ஸ் அணியைச் சந்திக்கக்கூட இல்லை, ஓக்லஹோமாவிலேயே கையெழுத்து வைத்தார். அதுதான் என் நம்பிக்கை.


கணக்கர் | 2019 ஜூன் 18

தம்பி, முதலில் அந்த 49 மில்லியனை மறந்துவிடும். எல்லா ஊடகமும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் அவருடைய நிலையில் இருக்கிற ஆட்டக்காரர் அப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார். கொஞ்சம் பொறுமையாக வாசியும்.

இந்த என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளம் அவர் எத்தனை வருசம் விளையாடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆறு வருசம் வரை என்றால் அணியின் சம்பள உச்சவரம்பில் 25 வீதம், ஏழு முதல் ஒன்பது என்றால் 30 வீதம், பத்து வருசம் முடித்துவிட்டால் 35 வீதம். கவாய் 2011இல் வந்தவர், இப்போது எட்டு வருசம் முடிந்திருக்கிறது. ஆகவே இந்த முறை 30 வீதம், உச்சவரம்பு 109 மில்லியன் அளவில் வரும் என்பதால் முதல் வருசம் கிட்டத்தட்ட 32.7 மில்லியன். இன்னும் இரண்டே வருசம் போனால் அவர் 35 வீதக்காரர்.

இப்போது நீரே அவருடைய இடத்தில் இருந்து யோசியும். இன்றைக்கு ஐந்து வருசம் போட்டால் 2024 வரைக்கும் 30 வீதத்தை அடியாக வைத்தே சம்பளம் ஏறும். இரண்டு வருசம் போட்டு, மூன்றாவது வருசத்தைத் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டால், 2021இல் வெளியே வந்து 35 வீதத்தில் புதிதாக நீண்ட ஒப்பந்தம் போடலாம். வயது அப்போது முப்பதுதான். அவருக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள், நான் என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்படிக் குறுகிய ஒப்பந்தம்தான் என்றால் ரொறன்ரோவுக்கு இருக்கிற அனுகூலம் எவ்வளவு தெரியுமா? சொந்த அணி வருசத்துக்கு 8 வீதம் கூட்டிக் கொடுக்கலாம், மற்ற அணி 5 வீதம். முதல் வருசம் இரண்டு பக்கமும் ஒன்றே. இரண்டாவது வருசம் இங்கே 35.4, அங்கே 34.4. இரண்டு வருசத்திலும் சேர்த்து வித்தியாசம் ஒரு மில்லியன். 49 அல்ல, ஒன்று. அவருடைய சப்பாத்து ஒப்பந்தத்திலேயே இதைவிடக் கூட வரும்.

வரியையும் யாராவது கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் உச்ச வரி 53.53 வீதம். கலிபோர்னியாவில் மத்திய அரசுக்கு 37, மாநிலத்துக்கு 13.3, கூட்டினால் 50.3. புளோரிடா, டெக்சஸ் மாதிரி மாநில வரியே இல்லாத இடம் என்றால் பயப்படலாம். லொஸ் ஏஞ்சலஸுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. இந்த மனுசன் முந்தின அணியான சான் அன்ரோனியோவிலேயே இருந்திருந்தால் ஐந்து வருசத்துக்கு ஏறக்குறைய 220 மில்லியன் கிடைத்திருக்கும். தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னபோதே அந்தத் தகுதி போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார். காசைக் காட்டி மறிக்கக்கூடிய ஆள் இல்லை இவர்.


பழைய_15 | 2019 ஜூன் 19

கணக்கர் சொன்னது எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் சரி என்று படுகிறது. நான் 1995இல் ராப்டர்ஸ் தொடங்கின நாளிலிருந்து பார்க்கிறவன், என் பெயரைப் பார்த்தாலே எந்த நோய் என்று தெரியும்.

தம்பி, கையெழுத்து வேறு, நிற்பது வேறு. 2000இல் ட்ரேசி மெக்ரேடி போனார், ஓர்லாண்டோவுக்கு. 2010இல் கிறிஸ் பொஷ் போனார், மயாமிக்கு. அவர்கள் ஒப்பந்தம் முடிந்து போனவர்கள், கோபம் வந்தாலும் ஆறிவிடும். என் பெயரில் இருக்கிற 15ஆம் நம்பர்க்காரர் வின்ஸ் காட்டர் அப்படியல்ல. 2001 ஓகஸ்டில் ஆறு வருசத்துக்குக் கையெழுத்து வைத்தார், நாங்கள் டன்ஃபோர்த்தில் ஒரு நண்பனின் நிலக்கீழ் அறையில் அன்றிரவு பார்ட்டி வைத்தோம், இனி ஆறு வருசத்துக்குக் கவலையில்லை என்று. 2004 டிசம்பரில் ஆள் நியூ ஜேர்சியில். போக வேண்டும் என்று நினைத்துவிட்டால் ஒப்பந்தக் கடதாசி ஒன்றும் செய்யாது, அதற்கு முந்தின மாதங்களில் அவர் விளையாடின விளையாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து வருசம் அவர் இங்கே வந்தபோதெல்லாம் கூவினோம். 2014இல் மெம்பிஸ் அணியோடு வந்தபோதுதான் திரையில் பழைய காட்சிகளைப் போட்டார்கள், அவர் அழுதார், எங்களுக்கும் தொண்டை அடைத்தது, விட்டுவிட்டோம்.

உமக்கு ஒரு வேடிக்கை சொல்லவா? 2001இலும் ஃபிலடெல்ஃபியாதான், ஏழாவது ஆட்டம்தான், கடைசிப் பந்துதான். காட்டர் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. போன மாதம் கவாய் எறிந்தது உள்ளே விழுந்தது. பதினெட்டு வருசம் நடுவில். மே 12 இரவு நான் கவாயைப் பார்த்துக் கத்தினதில் பாதி காட்டருக்கானது.

அப்புறம் விசுவாசம், நன்றி என்றெல்லாம் கதைக்கிறீர்கள். ரொறன்ரோவுக்கு அதைக் கதைக்கத் தகுதி இருக்கிறதா? டிமார் டிரோசன் கொம்டனில் பிறந்து வளர்ந்த பொடியன், 2016இல் லேக்கர்ஸ் பக்கம் தலைகூட வைக்காமல் ஐந்து வருசத்துக்கு இங்கே கையெழுத்து வைத்தார். இரண்டு வருசம் கழித்து, 2018 ஜூலையில், அவரைக் கொடுத்துத்தானே இந்தக் கவாயை வாங்கினோம்? அணி நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி செய்தது சரியான வேலை, கப் வீட்டுக்கு வந்துவிட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களை விட்டுப் போகாதே என்று சொல்கிற உரிமை அன்றோடு போய்விட்டது.


பிசியோ_அக்கா | 2019 ஜூன் 21

எல்லோரும் போய்விடுவார் என்றே எழுதுகிறீர்கள், ஒரு ஆளாவது மற்றப் பக்கம் நிற்க வேண்டாமா?

நான் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் வேலை செய்கிறேன், விளையாட்டுக்காரரும் வருவார்கள். ஒரு விஷயம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தன் நோவைச் சந்தேகப்பட்ட இடத்துக்கு ஒருவர் திரும்பிப் போக மாட்டார், நோவை நம்பிய இடத்தைச் சுலபமாக விடவும் மாட்டார். கவாய் சான் அன்ரோனியோவோடு முறித்தது எதனால்? தொடைத் தசைக் காயம். அணி வைத்தியர்கள் ஒன்று சொல்ல, அவர் பார்த்த வைத்தியர்கள் இன்னொன்று சொல்ல, 2017-18 பருவத்தில் ஒன்பது ஆட்டம்தான் விளையாடினார். இங்கே வந்ததும் 82 ஆட்டத்தில் 60தான் இறக்கினார்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் ஒன்றில் ஓய்வு. ஜனவரியில் நீங்கள் எல்லோரும் ரிக்கற்றுக்குக் காசு கட்டிவிட்டு ஆளைக் காணவில்லை என்று திட்டினீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. பருவ முடிவில் கப்புக்கு நடக்கிற பிளேஓஃபில் 24 ஆட்டமும் விளையாடி, 732 புள்ளி எடுத்தார். காலில் நோவோடுதான் சில ஆட்டம், ஓடுவதைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த உடம்பை இங்கே பார்த்துக்கொண்ட ஆட்களை அவர் சும்மா விட்டுவிட்டுப் போவாரா?

நீண்ட ஒப்பந்தம் போட மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். அவரோடு விளையாடுகிற கைல் லௌரி, இபாகா, கசோல், வான்ஃப்லீட் எல்லோருடைய ஒப்பந்தமும் 2020இல் முடிகிறது. அவர்களோடு இன்னும் ஒரு தரம் கப்புக்கு முயற்சி செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வருசம் நிற்பார். இது என் ஊகம்.


மோர்னிங்சைட்_பொடியன் | 2019 ஜூன் 21

அக்கா, நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.


இர்வைன்_வாசி | 2019 ஜூன் 29

வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன், பத்து வருஷமா தெற்கு கலிபோர்னியாவில் வேலை. உங்கள் மனசைப் புண்படுத்த வரவில்லை, இந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கவாய் பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ், வளர்ந்தது மொரீனோ வேலி, பள்ளிப் படிப்பு ரிவர்சைடு, கல்லூரி சான் டியாகோ ஸ்டேட். இந்த வசந்த காலத்தில், உங்கள் அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, சான் டியாகோ பக்கத்தில் வீடு வாங்கினார் என்று செய்தி வந்தது. 2008இல் அவர் பள்ளியில் படிக்கும்போது அவருடைய அப்பாவைக் காம்ப்டனில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மறுநாளே ஆட்டத்துக்குப் போய் ஆடிவிட்டு, முடிந்ததும் அம்மாவிடம் போய் அழுதவர். அந்த அம்மா, அக்காமார் எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளிக்கு ஊருக்குப் போக விமான டிக்கெட் விலை பார்த்துப் பார்த்து மூடுகிற என்னைப் போன்றவனுக்கு இது புரிகிறது. அவருக்கு ஊருக்குப் போகச் சம்பளமும் குறையாது. நாங்கள் என்றால் போக மாட்டோமா?

இங்கே இரண்டு அணி. லேக்கர்ஸ் அந்தோணி டேவிஸை வாங்கியது மட்டுமல்ல, மூன்று பேரை வாஷிங்டனுக்குத் தள்ளிவிட்டு இன்னொரு உச்சச் சம்பளத்துக்கு இடமும் பண்ணிவிட்டது. கிளிப்பர்ஸோ வருஷம் முழுக்க அவர் ஆடுகிற ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் டிவியில் உட்கார்ந்து கவாய்தான் ஜோர்டான் மாதிரி என்று புகழ்ந்ததில் அணி 50,000 டாலர் அபராதமும் கட்டியது. அடுத்தவர் அணி ஆட்டக்காரரை இழுக்கப் பார்த்த குற்றம். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒரு வருஷமாக வாசலிலேயே நிற்கிறார்கள்.

அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான், பக்கத்தில் நிற்க இன்னொரு பெரிய ஆட்டக்காரர். லூ வில்லியம்ஸ், பெவர்லி எல்லாம் நல்ல ஆட்கள், கோல்டன் ஸ்டேட் அணியை அவர்கள் மைதானத்திலேயே இரண்டு தடவை தோற்கடித்தார்கள், ஆனால் அது போதாது. தனியாகக் கிளிப்பர்ஸுக்கு வர மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த ஒரு இடத்தில் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.


மோர்னிங்சைட்_பொடியன் | 2019 ஜூலை 3

யாராவது ரீவி பார்க்கிறீர்களா? ஒரு கறுப்பு வண்டியை ஹெலிகாப்டர் துரத்துகிறது, விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு, நேரடி ஒளிபரப்பு. உள்ளே கவாய் இருக்கிறாராம். வண்டி சிவப்பு விளக்கில் நிற்பதைக்கூட விடாமல் காட்டுகிறார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்துவிட்டார் என்றால் கையெழுத்து வைக்கத்தானே?


கணக்கர் | 2019 ஜூலை 3

இல்லை என்று சொல்லக்கூட வந்திருக்கலாம். மூன்று அணியையும் சந்திக்கிறார், அதில் இது ஒன்று. ஆனால் ஒன்று கவனியும், கெவின் டுரான்ட், கைரி மாதிரிப் பெரிய ஆட்டக்காரர்கள் முதல் நாளே முடித்துவிட்டார்கள், இவர் மட்டும் மூன்று நாளாக இழுக்கிறார். முடிவு எடுக்க முடியாமல் இழுக்கிற ஆள் இல்லை இவர். வேறெங்கேயோ ஒரு காரியம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. என்ன காரியம் என்று கேட்காதீர், தெரியாது.


மோர்னிங்சைட்_பொடியன் | 2019 ஜூலை 6, காலை 6:10

போய்விட்டார். கிளிப்பர்ஸ்.

நான் நித்திரை. அப்பா இலங்கை–இந்தியா ஆட்டம் பார்க்க ஐந்து மணிக்கே எழும்பினவர், லீட்ஸில் நாணயம் சுண்டினதைப் பார்க்கப் போன இடத்தில் இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். "உன்ட ஆள் போயிட்டான்" என்றார். நேற்று வரைக்கும் "எங்கட ஆள்".

ஆனால் எனக்கு நெஞ்சில் ஏறினது அதுவல்ல. போல் ஜோர்ஜ். இந்தத் திரியின் தொடக்கத்தில் அவரைத்தானே நான் நம்பிக்கைக்கு உதாரணம் காட்டினேன்? ஓக்லஹோமாவில் நாலு வருசத்துக்குக் கையெழுத்து வைத்து ஒரு வருசம்தான் போயிருக்கிறது, அவரே தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டு, கவாய்க்குப் பக்கத்தில் விளையாடக் கிளிப்பர்ஸுக்குப் போகிறார். கணக்கர் அண்ணை சொன்ன காரியம் இதுதான். அதற்குக் கிளிப்பர்ஸ் கொடுத்ததைப் பாருங்கள்: புது ஆட்டக்காரரை எடுக்கிற முதல் சுற்றுத் தெரிவு ஐந்து, மேலும் இரண்டு வருசம் தெரிவை மாற்றிக்கொள்ளும் உரிமை, கலினாரி என்ற ஆட்டக்காரர், அதோடு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். எங்கட ஹமில்டன் பொடியன்! ஒரு வருசம்தான் விளையாடியிருக்கிறான், அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.


இர்வைன்_வாசி | 2019 ஜூலை 6

நேற்று ராத்திரி எட்டேகாலுக்கு இங்கே நிலநடுக்கம், 7.1. ரிட்ஜ்கிரெஸ்ட் பக்கம் மையம், எங்கள் வீட்டு விளக்கு ஒரு நிமிஷம் ஆடியது. பயத்தில் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பதினொரு மணி வாக்கில் இந்தச் செய்தி. இரண்டில் எது பெரிய அதிர்ச்சி என்று அலுவலகத்தில் இன்னும் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள். தனியாக வர மாட்டார் என்று சொன்னேன், தனியாக வரவில்லை.


பிசியோ_அக்கா | 2019 ஜூலை 6

நான் சொன்ன இரண்டு வருசமும் போச்சு. பரவாயில்லை. அந்தக் கால்களை அங்கே யார் பார்க்கிறார்களோ, ஓய்வு கொடுக்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.


பழைய_15 | 2019 ஜூலை 6

தம்பி, இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, எனக்குத் தெரியும். ஜேர்சி வாங்கினீரா? நான் காட்டரின் 15ஆம் நம்பரைப் பெட்டிக்குள் போட்டுப் பத்து வருசம் திறக்கவில்லை, திறந்தபோது பூச்சி அரித்திருந்தது. இவர் காட்டர் இல்லை. ஒரு வருசத்துக்கு வந்தார், ஒரு வருச ஒப்பந்தம்தான் மிச்சம் என்று தெரிந்துதான் உஜிரி வாங்கினார், கப்பை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வருகிற அன்று கூவுகிறவர்களோடு நான் இருக்க மாட்டேன்.


கணக்கர் | 2019 ஜூலை 12

விவரம் வந்துவிட்டது. முதலில் நாலு வருசம் என்றார்கள், அதல்ல. மூன்று வருசம், 103 மில்லியன், மூன்றாவது வருசம் அவர் விருப்பம். 2021இல் பத்து வருசம் முடித்து வெளியே வரலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஜூன் 18 பதிவைப் போய்ப் பாருங்கள்.


மோர்னிங்சைட்_பொடியன் | 2019 ஜூலை 12

பார்த்தேன் அண்ணை, நீங்கள்தான் சரி. அவர் இரண்டு வருசத்தில் கிளிப்பர்ஸையும் இப்படி முழிக்க வைக்கலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பழைய அண்ணை, ஜேர்சி வாங்கினேன். 2ஆம் நம்பர், வரியோடு 150 டொலர் கிட்ட. பெட்டிக்குள் போடத்தான் தேடினேன், காணவில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு பின்வளவில் புல் வெட்டுகிறார். அடுத்த பருவம் எப்போது தொடங்கும் என்று மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒக்டோபர் என்றேன்.